யார் யாரைத் தள்ளுகிறார்? ஒரு பழைய சைக்கிளை வைத்து விசை, இயக்கம், சக்தி படிக்கும் வழி

தரம் 10 விஞ்ஞானத்தில் நேர்கோட்டு இயக்கம் தொடங்கிய கிழமையே சில பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்துவிடும், பின்னேர வகுப்புக்கு வரமாட்டார்கள். வருகிறவர்களும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சூத்திரங்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, கணக்கில் உள்ள எந்த எண்ணை எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, நானும் அப்படித்தான் படித்தேன். உருண்டோடும் பந்தொன்றின் மேல் தாக்கும் விசைகளைக் குறிக்கச் சொன்ன கேள்விக்கு, பந்து போகும் பக்கமாக ஒரு பெரிய அம்புக்குறி போட்டு "பந்தின் விசை" என்று எழுதிப் பூச்சியம் வாங்கினேன். ஏன் பிழை என்று யாரும் சொல்லவில்லை. சிவப்புப் பேனையால் ஒரு கோடு, அவ்வளவுதான். அது விளங்க எனக்கு இன்னும் 4 வருசம் பிடித்தது.

பந்துக்குள் விசை இல்லை. எந்தப் பொருளுக்குள்ளும் விசை இல்லை. ஒன்று மற்றொன்றைத் தள்ளும்போதோ இழுக்கும்போதோ அந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் விசை. ஆகவே கணக்கைத் தொட முதல் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: யார் யாரைத் தள்ளுகிறார்? இதற்குப் பெயர் சொல்லிப் பதில் சொல்ல முடியாத அம்புக்குறியை அழித்துவிடுங்கள்.

இந்த வழிகாட்டியைப் படிக்க ஒரு சைக்கிள், ஒரு கூட்டாளி, நிறுத்தற்கடிகாரம் உள்ள போன், ஒரு வெண்கட்டித் துண்டு, அளவுநாடா இருந்தால் போதும். நாடா இல்லாவிட்டால் சில்லையே நாடாவாக்கலாம். 28 அங்குலச் சில்லு ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீற்றர். காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு நூலைக் கட்டி, அது எத்தனை தரம் கீழே வருகிறது என்று எண்ணினால் சரி.

படி 1: இயக்கத்தை அளக்கப் பழகுங்கள்

குறுமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் பாதையில் ஏறி, உங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வையுங்கள். (வெளியூர் ஆட்களுக்கு: எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் 'பாதை' என்றால் வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவை.) நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா? பக்கத்தில் நிற்கும் ஐயாவைக் கேட்டால் நிற்கிறீர்கள் என்பார். கரையில் நிற்பவரைக் கேட்டால் போகிறீர்கள் என்பார். இரண்டு பேரும் சொல்வது சரி. எதைப் பார்த்து அளக்கிறோம் என்று சொல்லாமல் 'ஓய்வு', 'இயக்கம்' என்ற சொற்களுக்குப் பொருளே இல்லை. எங்கள் கணக்குகள் எல்லாவற்றிலும் தரைதான் அந்த 'எது'.

அடுத்தது, தூரமும் இடப்பெயர்ச்சியும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்க முதல், பாதையைத் தவறவிட்டவர் வாவியைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகவேண்டும். சுற்றிப்போன வழியின் நீளம் தூரம். புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு, காகம் பறப்பதுபோல் நேரே இழுக்கும் கோடு இடப்பெயர்ச்சி. அதற்குத் திசையும் சொல்லவேண்டும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் கதி, இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் வேகம். பரீட்சையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளியை விடுகிறவர்கள் ஏராளம்.

சரி, இப்போது சைக்கிளை எடுங்கள். வாகனம் குறைந்த, மேடு பள்ளமில்லாத தார் வீதியாகப் பாருங்கள். பிரதான வீதியில் இந்த வேலை வேண்டாம். எழுவான்கரைப் பக்கம், அதாவது வாவியின் கிழக்குக் கரையில், நிலம் மேசை மாதிரித் தட்டை, மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது. தரையில் 10 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒரே சீராக மிதித்து இரண்டு கோடுகளையும் கடக்கவேண்டும். கூட்டாளி நேரம் பார்க்கவேண்டும். இரண்டாவது கோட்டைத் தொட்டவுடன் மிதிப்பதை விட்டுவிடுங்கள், பிறேக்கையும் தொடாதீர்கள், சைக்கிள் தானாக நிற்கும்வரை உருளட்டும். அது நிற்க எடுத்த நேரத்தையும் போன தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்து பார்த்ததைக் கணக்குக்கு வசதியாக முழு எண்களாக்கித் தருகிறேன். 10 மீற்றரைக் கடக்க 2.5 செக்கன், ஆகவே வேகம் செக்கனுக்கு 4 மீற்றர். மணிக்கணக்கில் சொன்னால் 14.4 கிலோமீற்றர், சாதாரணமாகக் கடைக்குப் போகிற வேகம். மிதிப்பதை விட்டபின் நிற்க 40 செக்கன். உருண்ட தூரம் 80 மீற்றர்.

வேகம் 4இலிருந்து பூச்சியத்துக்கு 40 செக்கனில் இறங்கியது, அதாவது ஒவ்வொரு செக்கனும் 0.1 குறைந்தது. இதுதான் அமர்முடுகல்: 0.1 மீ/செ². வேகம் கூடினால் ஆர்முடுகல், குறைந்தால் அமர்முடுகல். அலகைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, 'ஒரு செக்கனில் வேகம் இவ்வளவு மாறியது' என்பதைச் சுருக்கி எழுதியதுதான் அது.

இப்போது வேக-நேர வரைபு கீறுங்கள். நிலைக்குத்து அச்சில் 4, கிடை அச்சில் 40, நடுவே ஒரு சாய்கோடு. அந்த முக்கோணத்தின் பரப்பு 40 × 4 ÷ 2 = 80. நீங்கள் தரையில் அளந்த அதே 80! வரைபின் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி என்று புத்தகத்தில் வாசித்ததை றோட்டிலேயே கண்டுவிட்டீர்கள். (உண்மையில் காற்றுத் தடையால் கோடு முழு நேராக வராது, தொடக்கத்தில் கொஞ்சம் செங்குத்தாக இறங்கும். சராசரியாக எடுத்துக்கொள்கிறோம்.)

படி 2: நின்றது ஏன் என்று கேளுங்கள், ஓடியது ஏன் என்றல்ல

மிதிப்பதை விட்டதும் சைக்கிள் நின்றது. "மிதிக்கிற விசை தீர்ந்துபோச்சு, அதுதான்" என்று யாருக்கும் சொல்ல வரும். ஏறத்தாழ 2000 வருசமாக உலகமும், அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, ஏறக்குறைய அப்படித்தான் நம்பியது. கலிலியோ அதைத் திருப்பிப் போட்டார், நியூற்றன் 1687இல் தன் முதலாம் விதியாக எழுதினார்: வெளியிலிருந்து சமப்படாத விசை ஒன்று தாக்காதவரை, நிற்பது நிற்கும், போவது அதே வேகத்தில் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கும்.

இதைச் சோதிக்க அதே சைக்கிளைக் கடற்கரைப் பக்கத்து மணல் ஒழுங்கைக்குக் கொண்டுபோங்கள். அதே 4 மீ/செ வேகத்தில் வந்து மிதிப்பதை விடுங்கள். எங்களுக்கு 4 செக்கனில் நின்றது, உருண்டது 8 மீற்றர் மட்டும். மிதித்தவர் அதே ஆள், சைக்கிளும் அதுதான், வேகமும் அதேதான். விசை உள்ளுக்குள் 'தீர்ந்து'தான் நின்றது என்றால் இரண்டு இடத்திலும் ஒரே தூரம் ஓடியிருக்கவேண்டுமே? மாறியது தரை மட்டும்தான். ஆக நிறுத்தியதும் தரைதான். மணல் சில்லைப் பின்னே தள்ளுகிறது, தார் மெதுவாகத் தள்ளுகிறது. எதுவுமே தள்ளாத வீதி ஒன்று கிடைத்தால் சைக்கிள் நிற்கவே நிற்காது.

பஸ்ஸில் நிற்கும்போது சாரதி பிறேக் போட்டால் முன்னுக்கு விழுகிறோமே, அதுவும் இதுதான். உங்களை முன்னே தள்ளியவர் எவருமில்லை. பஸ்ஸை றோட்டு நிறுத்தியது, உங்கள் காலைப் பஸ்ஸின் தளம் நிறுத்தியது, மேலுடம்பை நிறுத்த ஆளில்லாததால் அது தன் பாட்டுக்குப் போனது. இந்தக் குணத்துக்குச் சடத்துவம் என்று பெயர்.

படி 3: விசைக்கு ஓர் எண் கொடுங்கள்

இரண்டாம் விதி சின்னது. விளையுள் விசை (எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்து மிஞ்சுவது) = திணிவு × ஆர்முடுகல். எங்கள் சைக்கிளும் ஓடியவரும் சேர்ந்து 60 கிலோகிராம். தார் வீதியில் 60 × 0.1 = 6 நியூற்றன். மணலில் அமர்முடுகல் 1 மீ/செ², ஆகவே 60 × 1 = 60 நியூற்றன். மணல் பத்து மடங்கு பிடிக்கிறது.

நியூற்றன் என்றால் எவ்வளவு என்று கையில் உணராமல் இதை எழுதிப் பயனில்லை. கடையில் 100 கிராம் மஞ்சள்தூள் பை ஒன்று வாங்கி உள்ளங்கையில் வையுங்கள். அது கையை அழுத்துவது ஏறத்தாழ 1 நியூற்றன். தார் வீதி உங்களைப் பிடித்தது அப்படி ஆறு பைகளின் பாரம் அளவுக்குத்தான். அவ்வளவு சின்ன விசை 60 கிலோவை 80 மீற்றரில் நிறுத்திவிடுகிறது.

இந்த இடத்திலேயே திணிவையும் நிறையையும் பிரித்துவிடுவோம். சந்தையில் "நிறை 50 கிலோ" என்பார்கள், அது ஊர்ப் பேச்சு, அங்கே அப்படியே பேசுங்கள். விஞ்ஞானத் தாளில் 50 கிலோகிராம் என்பது திணிவு, பொருளில் எவ்வளவு சடம் இருக்கிறது என்பது. நிறை என்பது பூமி அதை இழுக்கும் விசை: 50 × 10 = 500 நியூற்றன். அந்த 10, ஈர்வையினாலான ஆர்முடுகல். திருத்தமாக 9.8, பாடசாலைக் கணக்கில் 10. உர மூட்டையைச் சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் உள்ளே அதே 50 கிலோ உரம்தான். தூக்கும்போது மட்டும் ஆறில் ஒரு பங்கு பாரம்தான் தெரியும்.

'விளையுள்' என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிப்பதால்தான் அடுத்த கணக்கு பிழைக்கிறது. நின்ற சைக்கிளை 8 செக்கனில் 4 மீ/செ வேகத்துக்குக் கொண்டுவர எவ்வளவு விசை வேண்டும்? ஆர்முடுகல் 0.5, ஆகவே 60 × 0.5 = 30 நியூற்றன் என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்த 30 விளையுள். தரை 6 நியூற்றனால் பின்னே இழுத்துக்கொண்டுதானே இருக்கிறது? முன்னோக்கி 36 வேண்டும், 36இல் 6 போனால் 30. வேகம் 4க்கு வந்தபின் ஒரே சீராக ஓட 6 நியூற்றன் போதும், அப்போது விளையுள் விசை பூச்சியம். ஓடிக்கொண்டிருக்கும் பொருளுக்கு விளையுள் விசை பூச்சியமா என்று வகுப்பில் ஒவ்வொரு வருசமும் ஒரு பிள்ளை சண்டைக்கு வரும். வரட்டும். சீரான வேகம் என்றால் ஆர்முடுகல் பூச்சியம், திணிவைப் பூச்சியத்தால் பெருக்கினால் வேறு என்ன வரும்?

படி 4: சோடியைத் தேடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். 'ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு' என்ற மூன்றாம் விதியை எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள், விளங்கியவர்கள் குறைவு.

முதலில் தோணி. வாவிக்கரையில் வளர்ந்த எவருக்கும் இந்தப் பாடம் உடம்பில் எழுதியிருக்கும். எனக்குப் பத்து வயதில் எழுதியது. கரைக்கு ஓர் எட்டு இருக்கும்போதே தோணியிலிருந்து தாவினேன். "மனே, குதிக்காத, தோணி அங்கால போயிரும்!" என்று தோணிக்காரர் கத்தி முடிக்க முதல் தோணி அங்கால போய்விட்டது, நான் கரைக்கும் தோணிக்கும் நடுவே இடுப்பளவு தண்ணீரில், ஒரு செருப்பில்லாமல் நின்றேன். நான் தோணியைப் பின்னே தள்ளினால்தான் தோணி என்னை முன்னே தள்ளும். கரையில் கட்டிய தோணி என்றால் அது நகராது, முழுத் தாவலும் கிடைக்கும். கட்டாத தோணி பின்னே வழுக்கிக்கொண்டு போக, காலுக்கு உதைக்கப் பிடிப்பே கிடைக்காமல் தாவல் குறைந்தது.

இப்போது சைக்கிளுக்கு வாருங்கள். அதை முன்னே தள்ளுவது யார்? நீங்கள் என்று சொன்னால் பிழை. உங்கள் கால் மிதியைத் தள்ளுகிறது, சங்கிலி பின்சில்லைச் சுற்றுகிறது, பின்சில்லு றோட்டைப் பின்னே தள்ளுகிறது. றோட்டுத்தான் சில்லை முன்னே தள்ளுகிறது! நம்பாவிட்டால் பின்சில்லை அந்தரத்தில் தூக்கிவைத்து எவ்வளவு வேண்டுமானாலும் மிதித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் வயல் வரம்பில் நடக்கும்போது வழுக்குவதும் இதனால்தான், களி உங்களுக்குத் திருப்பித் தள்ளத் தயாரில்லை.

கண்ணகி அம்மன் சடங்கோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டைத் தெரிந்தவர்களுக்கு அடுத்தது. வடசேரி ஒரு பக்கம், தென்சேரி ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒரு வளைந்த மரக்கொம்பு, இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இழுக்கிறார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. கேள்வி இது: இழுக்கும்போது வடசேரிக் கொம்பு தென்சேரிக் கொம்பை இழுக்கும் விசை பெரிதா, தென்சேரிக் கொம்பு வடசேரிக் கொம்பை இழுக்கும் விசை பெரிதா?

சமன். எந்தக் கணத்திலும் சமன், ஒரு கொம்பு சடார் என்று முறியும் அந்தக் கணத்திலும் சமன். கொம்பு ஒன்று மற்றதைக் கூடுதலாக இழுத்து முறித்தது என்று சொல்லவே இயலாது. இரண்டும் ஒரே விசையைத்தான் தாங்கின, அதைத் தாங்க முடியாத மரம் முறிந்தது. அதனால்தான் எந்த மரத்தில், எந்த வளைவில் கொம்பு வெட்டுவது என்பதில் அவ்வளவு கவனம். போர்த்தேங்காயும் இதே கதை: மோதும்போது இரண்டு தேங்காய்க்கும் ஒரே அடி, ஓடு மெலிந்தது பிளக்கும்.

சரி, தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிருமானால் ஒன்றையொன்று வெட்டி எதுவுமே நகராதே? நல்ல கேள்வி. வெட்டுவதற்கு இரண்டும் ஒரே பொருளில் தாக்கவேண்டும். இவை இரண்டு வெவ்வேறு பொருள்களில் தாக்குகின்றன: ஒன்று தோணியில், மற்றது என்னில். என் கணக்கை எழுதும்போது என்மேல் தாக்குவதை மட்டும் எழுதவேண்டும், தோணிக்குக் கிடைத்தது தோணியின் கணக்கு.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது, புத்தகக் குறிப்புகளிலேகூடப் பிழையாகக் கண்டிருக்கிறேன். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் 50 கிலோகிராம் பிள்ளை நிற்கிறது. நிறை கீழ்நோக்கி 500 நியூற்றன், பாலம் மேல்நோக்கித் தள்ளுவது 500 நியூற்றன். இவை தாக்கமும் மறுதாக்கமுமா? இல்லை! இரண்டும் ஒரே பிள்ளைமேல் தாக்குகின்றன. இவை சமநிலையில் உள்ள இரண்டு விசைகள், அவ்வளவே. சோடியைக் கண்டுபிடிக்க வாக்கியத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். 'பூமி பிள்ளையை இழுக்கிறது' என்பதன் சோடி 'பிள்ளை பூமியை இழுக்கிறது'. 'பாலம் பிள்ளையைத் தள்ளுகிறது' என்பதன் சோடி 'பிள்ளை பாலத்தைத் தள்ளுகிறது'. ஆம், நீங்களும் பூமியை 500 நியூற்றனால் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பூமியின் திணிவுக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

படி 5: உராய்வும் உந்தமும், சுருக்கமாக

அலுமாரியை மெதுவாகத் தள்ளுங்கள், நகராது. கூட்டித் தள்ளுங்கள், அப்போதும் நகராது. நீங்கள் 50 நியூற்றன் கொடுத்தால் உராய்வும் 50, 100 கொடுத்தால் 100. ஓர் எல்லைக்குமேல் உராய்வால் ஈடுகொடுக்க முடியாமல் அலுமாரி 'கிர்ர்' என்று நகரும், அந்த உச்சம் எல்லை உராய்வு. நகரத் தொடங்கியபின் கொஞ்சம் குறைந்த விசையே போதும், இயக்க உராய்வு எல்லை உராய்வைவிடச் சற்றுக் குறைவு. உராய்வு தொடும் மேற்பரப்புகளின் தன்மையையும் அவை ஒன்றையொன்று அழுத்தும் விசையையும் பொறுத்தது, தொடும் பரப்பளவைப் பொறுத்ததல்ல. அந்தக் கடைசி வரியை அடிக்கடி கேட்பார்கள்.

உந்தம் என்பது திணிவு × வேகம். 0.16 கிலோகிராம் கிரிக்கெட் பந்து 20 மீ/செ வேகத்தில் கைக்கு வருகிறது, உந்தம் 3.2. கையை விறைப்பாக வைத்து 0.02 செக்கனில் நிறுத்தினால் கையில் 160 நியூற்றன். பந்தோடு கையையும் பின்னே கொண்டுபோய் 0.1 செக்கனாக இழுத்தால் 32. நேரத்தைக் கூட்டினால் விசை குறையும், விளையாடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

படி 6: சக்தி என்ற கணக்குப் புத்தகம்

விசை என்பது இருவருக்கு நடுவே நடப்பது என்றேன். சக்தி வேறு வகை, அது கையிருப்பு. ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாறும், மொத்தம் மாறாது. காசை மாற்றிக்கொடுப்பது மாதிரி சக்தியை மாற்றிக்கொடுக்கும் செயலுக்கு வேலை என்று பெயர்: வேலை = விசை × விசையின் திசையில் நகர்ந்த தூரம். அந்த 100 கிராம் மஞ்சள்தூள் பையை 1 மீற்றர் உயர்த்தினால் 1 யூல்.

பேச்சுவழக்கு இங்கே காலை வாரும். 50 கிலோ உர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் அசையாமல் நின்றவருக்கு வியர்த்துக்கொட்டும், ஆனால் மூட்டைமேல் அவர் செய்த வேலை பூச்சியம். நகர்வு இல்லை. அவருடைய தசைகள் உள்ளுக்குள் சுருங்கி விரிந்து சக்தியைச் செலவழித்தது உண்மை, அது வெப்பமாய்ப் போனது, மூட்டைக்கு ஒரு யூலும் சேரவில்லை. கூலி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அது வேறு நியாயம்.

இப்போது நம்முடைய சைக்கிள் கொப்பியைத் திறவுங்கள். இயக்கச் சக்தி = ½ × திணிவு × வேகம்². மிதிப்பதை விட்ட கணத்தில் ½ × 60 × 4 × 4 = 480 யூல் கையிருப்பு. தார் வீதி 6 நியூற்றனால் 80 மீற்றர் பிடித்தது: 6 × 80 = 480. மணல் 60 நியூற்றனால் 8 மீற்றர் பிடித்தது: 60 × 8 = 480. இரண்டு வீதியும் ஒரே தொகையைத்தான் வாங்கின, ஒன்று சிறுகச் சிறுக, மற்றது ஒரே பிடியில். இந்த இரண்டு வரியும் ஒன்றாக வரும்போது வகுப்பில் ஒரு சின்ன "ஆ" கேட்கும், எனக்கு அதற்காகவே இந்தப் பாடம் பிடிக்கும்.

அந்த 480 யூல் எங்கே போனது? றோட்டும் ரயரும் காற்றும் பெயரிங்கும் இம்மியளவு சூடாகின. 480 யூலை அப்படியே ஒரு கிளாஸ், அதாவது 200 கிராம், தண்ணீருக்குக் கொடுத்தால் அது அரைப் பாகை செல்சியசுக்குச் சற்று மேல்தான் சூடாகும். அதனால் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. மோட்டார் சைக்கிளைத் திரும்பத் திரும்ப பிறேக் பிடித்து ஓட்டிவிட்டுப் பிறேக் தட்டைத் தொட்டால் தெரியும், ஆனால் தொடாதீர்கள், தோல் உரியும்.

வேகத்தின் வர்க்கம் என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோகாதீர்கள். மணிக்கு 36 கிலோமீற்றரில் (10 மீ/செ) வரும் மோட்டார் சைக்கிள், பிறேக் 5 மீ/செ² அமர்முடுகல் கொடுத்தால் 10 மீற்றரில் நிற்கும். 72இல் வந்தால் 40 மீற்றர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. ஆட்டைக் கண்டு பிறேக்கில் கால் வைக்கவே ஒரு செக்கன் போகும் என்றால் முதலாமவருக்கு இன்னும் 10, இரண்டாமவருக்கு இன்னும் 20. மொத்தம் 20 மீற்றரும் 60 மீற்றரும். கல்முனை வீதியில் மணல் படிந்த ஓரத்தில் இது இன்னும் கூடும், அங்கே 5 மீ/செ² கிடைக்காது.

உயரத்திலும் சக்தியைச் சேமிக்கலாம். அழுத்தச் சக்தி = திணிவு × 10 × உயரம். அம்பாறைப் பக்கத்தில் இதன் மிகப் பெரிய கணக்குப் புத்தகம் சேனாநாயக்க சமுத்திரம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அணைகட்டித் தேக்கிய நீர், இங்கினியாகலையில் கீழே பாயும்போது சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது, அதற்குப் பிறகுதான் வயலுக்குப் போகிறது. ஒரு கனமீற்றர் நீர் 1000 கிலோகிராம். அது 20 மீற்றர் கீழே இறங்கினால் 1000 × 10 × 20 = 2 லட்சம் யூல். நெல்லுக்குப் பாயும் நீர் வழியிலேயே விளக்கையும் எரியவைத்துவிட்டுப் போகிறது.

வலு என்பது வேகமாகக் கொடுப்பதா, மெதுவாகக் கொடுப்பதா என்பது: வேலை ÷ நேரம், அலகு வாற்று. வயலில் நீர் இறைக்கும் இயந்திரத்தில் குதிரைவலு என்று எழுதியிருக்குமே, ஒரு குதிரைவலு 746 வாற்று. உங்கள் வலுவை அளக்கப் படிக்கட்டு போதும். 50 கிலோகிராம் ஆள் 3 மீற்றர் உயர மாடிக்கு 5 செக்கனில் ஓடி ஏறினால் 1500 யூல் ÷ 5 = 300 வாற்று, அரைக் குதிரைக்கும் குறைவு. மின்பட்டியலில் வரும் ஓர் 'அலகு' 36 லட்சம் யூல். அதை உங்கள் காலால் சம்பாதிக்க அந்த மாடிக்கு 2400 தடவை ஏறவேண்டும். காற்றாடியை நிறுத்தாமல் வெளியே போகிற பிள்ளைகளுக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

படி 7: கணக்கு செய்யும் ஒழுங்கு

எந்தப் பொருளின் கணக்கு என்று முதலில் தீர்மானித்து, அதை மட்டும் ஒரு பெட்டியாகக் கீறுங்கள். அதைத் தொடுகிறவர்கள் யார் யார்? ஒவ்வொருவருக்கும் ஓர் அம்புக்குறி, தொடாமலே இழுக்கும் பூமிக்கு ஒன்று. ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் 'இன்னார் இதைத் தள்ளுகிறார்' என்று எழுத முடியவேண்டும். பிறகு அலகுகளை மாற்றுங்கள்: கிராமைக் கிலோகிராமுக்கு, நிமிடத்தைச் செக்கனுக்கு, மணிக்குக் கிலோமீற்றரை 3.6ஆல் வகுத்து மீ/செக்கு. நேரம் பற்றிக் கேட்டால் விசையும் ஆர்முடுகலும் வழியாகப் போங்கள். நேரமே கேட்காமல் தூரமும் வேகமும் மட்டும் கேட்டால் சக்தி வழி சுருக்கமானது. சூத்திரம் இதற்குப் பிறகுதான்.

செய்து பாருங்கள்: 1.5 கிலோகிராம் தேங்காய் 20 மீற்றர் உயர மரத்திலிருந்து விழுகிறது. காற்றுத் தடையை விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் தேங்காய், ஒரே ஓர் அம்புக்குறி, பூமி கீழே இழுக்கும் 15 நியூற்றன். 'விழும் விசை' என்று இரண்டாவது அம்புக்குறி போட்டிருந்தால் படி 2க்குத் திரும்பிப் போங்கள். தொடக்கத்தில் அழுத்தச் சக்தி 1.5 × 10 × 20 = 300 யூல். தரையைத் தொடும் கணத்தில் அவ்வளவும் இயக்கச் சக்தி, அதிலிருந்து வேகம் 20 மீ/செ, அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர். விழ எடுத்த நேரம் 2 செக்கன். திணிவை 3 கிலோகிராமாக மாற்றி வேகத்தை மறுபடி கணியுங்கள். மாறாமல் 20 வரவேண்டும், ஏறத்தாழ 14 வந்தால் ½ போட்ட வரியில் பிழை இருக்கிறது.